அண்ணாச்சி, அந்த ரெண்டாவது பெட்டியை அமத்துங்க

ராத்திரி பத்தே முக்கால் இருக்கும். கோயம்புத்தூரில் வீட்டில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தூத்துக்குடி குடோனில் நெட்வொர்க்குக்கு வாசல்காவலாக இருந்த லினக்ஸ் ஃபயர்வாலுக்குள் நுழைந்து விதிகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். 2012. கோவையில் கரண்ட் ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது, இன்வெர்ட்டர் சாவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. எவர் எவரோ எழுதிய பழைய விதிகள் குப்பையாகக் கிடந்தன. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதிவிடலாம் என்று ஐபிடேபிள்ஸ் மைனஸ் எஃப் அடித்து என்டரைத் தட்டினேன்.

கர்சர் அப்படியே நின்றது. இன்னும் இரண்டு முறை என்டர் தட்டினேன். ஒன்றும் இல்லை.

என்ன நடந்தது என்று புரிய அரை நிமிஷம் ஆனது. மைனஸ் எஃப் விதிகளை மட்டும்தான் அழிக்கும், அடிப்படைக் கொள்கையைத் தொடாது. அந்தப் பெட்டியில் உள்ளே வரும் எதற்கும் அடிப்படைக் கொள்கை ‘டிராப்’. அதாவது, வாசலில் யார் யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டேன், பட்டியலில் இல்லாத எவரையும் விடாதே என்ற உத்தரவு மட்டும் அப்படியே இருக்கிறது. வெளியே நிற்பவன் நான்.

ஒரே ஆறுதல், நான் செய்தது எதுவும் டிஸ்க்கில் சேமிக்கப்படவில்லை. பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் பழைய விதிகளோடு எழுந்துவிடும். ஆனால் அணைக்க அங்கே யார் இருக்கிறார்கள்? வாட்ச்மேன் அண்ணாச்சி. அவருக்கு அறுபது வயது இருக்கும், போனை எடுத்ததே அதிர்ஷ்டம்.

“அண்ணாச்சி, ஆபீஸ் ரூம்ல மேசைக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கும், அதை ஒருதடவை அமத்திட்டுத் திரும்பப் போடணும்.”

“தம்பி, இங்கன நாலு பொட்டி கெடக்கு. எல்லாத்துலயும் லைட்டு மினுங்குது. எத அமத்தச் சொல்லுதீய?”

“கருப்பா இருக்கும்.”

“நாலும் கருப்புதான்.”

“ரெண்டாவது பெட்டி அண்ணாச்சி.”

“வாசல்ல இருந்து ரெண்டாவதா, சன்னல்ல இருந்து ரெண்டாவதா?”

எனக்குத் தெரியவில்லை. அந்த அறைக்கு நான் இரண்டு முறைதான் போயிருந்தேன். வாசலில் இருந்து என்று குத்துமதிப்பாகச் சொன்னேன், கேமரா டிவி கருத்துப்போச்சு தம்பி என்றார். அதைப் போட்டுவிட்டு வாசலை ஒட்டிய முதல் பெட்டியை அமத்தச் சொன்னேன், அது சுவிட்ச். மூன்றாவது முயற்சியில்தான் ஃபயர்வால். உண்மையில் அது சன்னலில் இருந்து இரண்டாவது. பதினொன்றே காலுக்கு எனக்கு லாகின் திரும்ப வந்தது, அண்ணாச்சி “வேற எதாச்சும் அமத்தணுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார்.

அதற்கப்புறம் இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது எல்லாமே ஏறத்தாழ ஒரே விஷயம்தான்: கையை வைப்பதற்கு முன்னால் திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்ப்பது. புதிதாகச் சேரும் பையன்கள் என்னிடம் கட்டளைகளைக் கேட்கிறார்கள். கட்டளைகள் எங்கேயும் கிடைக்கும். கட்டளைக்கு முந்தின நிமிஷத்தில் என்ன செய்யவேண்டும் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால் நான் சொதப்பிய இடங்களை வைத்தே எழுதுகிறேன்.

ஃபயர்வாலையே முதலில் முடித்துவிடுவோம். இப்போது நான் செய்வது இது. இருக்கிற விதிகளை ஐபிடேபிள்ஸ்-சேவ் போட்டு ஒரு ஃபைலில் எடுத்துக்கொள்வேன். அப்புறம் ‘ஏட்’ கட்டளையில், இன்னும் ஐந்து நிமிஷத்தில் அந்தப் பழைய ஃபைலைத் திரும்ப ஏற்று என்று ஒரு வேலையைப் போட்டுவைப்பேன். அதற்கப்புறம்தான் புது விதி. இணைப்பு போய்விட்டால் பதறவேண்டாம், டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தால் பெட்டி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ‘ஏட்’ வேலையை ரத்து செய்துவிடலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது: ஏற்கெனவே திறந்திருக்கும் உங்கள் எஸ்எஸ்ஹெச் ஜன்னல் (தூரத்துப் பெட்டிக்குள் லாகின் செய்திருக்கும் திரை) ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து விதி சரி என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே நிலைத்த இணைப்புகளை விடு என்று பெரும்பாலும் ஒரு விதி இருக்கும், அதனால் பழைய ஜன்னல் பிழைத்துக்கொள்ளும், புதிதாக யாரும் உள்ளே வரமுடியாது. இன்னொரு ஜன்னலைத் திறந்து புதிதாக லாகின் செய்து பார்த்த பிறகுதான் ரத்து.

இந்த யோசனை எனக்கு மட்டும் தோன்றியது இல்லை, ஏறத்தாழ எல்லா நெட்வொர்க் சாதனத்திலும் இருக்கிறது. ஜூனிப்பரில் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ போட்டால், பத்து நிமிஷத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே போய்விடும். மைக்ரோடிக்கில் சேஃப் மோட். உபுண்டுவில் ‘நெட்பிளான் டிரை’ 120 நொடி காத்திருக்கும். சிஸ்கோவில் ‘ரீலோட் இன் 10’ என்று போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார்கள், அது பத்து நிமிஷத்தில் சாதனத்தையே மறுதுவக்கம் செய்யும், வேலை முடிந்ததும் ‘ரீலோட் கேன்சல்’ அடிக்கவேண்டும். அந்தக் கேன்சலை நான் ஒருமுறை மறந்தேன். காலை பதினொரு மணிக்கு ஒரு கம்பெனியின் நடு சுவிட்ச் தன்னால் உட்கார்ந்து எழுந்தது, நான் பத்து நிமிஷமாகச் செய்த வேலையைச் சேமிக்கவும் இல்லை என்பதால் அதையும் சேர்த்து விழுங்கிவிட்டது. கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கியவன் மேலே வந்த பிறகு கயிற்றை அவிழ்க்காமல் நடந்த கதை.

இனி டிஸ்க். ‘டிஸ்க் ஃபுல்’ என்று போன் வந்தால் புதியவர்கள் முதலில் செய்வது, நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் லாக் ஃபைலை அழிப்பது. அழித்த பிறகும், டிஸ்க்கில் எவ்வளவு தீர்ந்தது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் என்றே காட்டும், ஃபைல் ஃபைலாக அளக்கும் டியூ போட்டுக் கூட்டினால் பாதிகூட வராது. காரணம் எளிது. லினக்ஸில் ஒரு ஃபைலை அழிப்பது என்றால் பெயரை அழிப்பது மட்டும்தான். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை இடம் விடுபடாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குப் பிளஸ் எல் ஒன்று என்று கொடுத்தால், பெயர் போயும் உயிர் போகாத ஃபைல்கள் வரிசையாக வரும், எந்தப் புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது என்பதோடு. அந்தப் புரோகிராமை மட்டும் மறுதுவக்கம் செய்தால் போதும், சர்வரையே அணைத்துப் போடத் தேவையில்லை. இதைவிட நல்லது, ஓடிக்கொண்டிருக்கும் லாகை அழிக்காமல் ‘டிரங்கேட்’ செய்து பூஜ்யம் ஆக்குவது.

இன்னொன்று, இடம் இருக்கிறது என்று டிஎஃப் சொல்லும், ஆனால் ஒரு ஃபைல்கூட எழுத முடியாது, இடம் இல்லை என்றே பிழை வரும். அப்போது டிஎஃப் மைனஸ் ஐ. ஐநோடு, அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய விவரச்சீட்டு, தீர்ந்திருக்கும். ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போதே, வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில் ஐநோடுகளை ஒதுக்கிவிடுகிறார்கள், ஃபைல் சிஸ்டத்தையே பெரிதாக்காமல் பிற்பாடு கூட்டமுடியாது. குட்டிக் குட்டியாக லட்சக்கணக்கில் பிஎச்பி செஷன் ஃபைல்களை விட்டுச்செல்லும் வலைத்தளம் ஒன்று போதும். அதே ஈஎக்ஸ்டி4, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கு என்று ஐந்து சதவீதத்தை ஒதுக்கியும் வைத்திருக்கிறது. சிஸ்டம் இருக்கும் பகுதியில் அது உயிர் காக்கும், தொடாதீர்கள். வெறும் டேட்டா மட்டும் வைக்கும் 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி, டியூன்டுஎஃப்எஸ் மைனஸ் எம் போட்டு ஒரு சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆனால் என்னை உண்மையிலேயே தண்ணி குடிக்க வைத்தது இந்த மூன்றும் இல்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. சர்வரின் பின்னால் ஒரு யுஎஸ்பி டிஸ்க், ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் தினமும் ராத்திரி அதில் பேக்கப் எடுக்கும், காலையில் ‘வெற்றி’ என்று எனக்கு மெயில் வரும். ஒரு நாள் சம்பளம் போடும் நேரத்தில் டேட்டாபேஸ் நின்றுவிட்டது. ரூட் பகுதி, அதாவது சிஸ்டம் இருக்கும் பகுதி, ஃபுல். எல்எஸ்ஓஎஃப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஐநோடு தாராளமாக இருக்கிறது. டியூ போட்டால் 40 ஜிபிக்குக் கணக்கு வருகிறது, டிஎஃப் 100 ஜிபி தீர்ந்துவிட்டது என்கிறது. 60 ஜிபியைக் காணவில்லை. அக்கவுண்டன்ட் பின்னால் நின்றுகொண்டு “சார், ஆச்சுங்களா” என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான், அன்று சாயங்காலம்தான் முழுதாகப் புரிந்தது. ஒரு மாதம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அதே அக்கவுண்டன்ட், மகளின் சீர் வீடியோவை வீட்டுக்கு எடுத்துப்போக அந்த யுஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். சனிக்கிழமை கரண்ட் நீண்ட நேரம் போய், யுபிஎஸ் தீர்ந்து, சர்வர் அணைந்து எழுந்திருக்கிறது. டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழுந்துவிட வேண்டும் என்று எஃப்எஸ்டேபில் (எழும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) ‘நோஃபெயில்’ போட்டு வைத்த கெட்டிக்காரன் நான்தான். எழுந்த சர்வரில் பேக்கப் ஃபோல்டர் இருக்கிறது, ஆனால் டிஸ்க் அதன்மேல் இணையவில்லை, அதாவது மவுன்ட் ஆகவில்லை, வெறும் ஃபோல்டர். ஆர்சிங்குக்கு அது தெரியுமா? ஃபோல்டர் காலியாக இருக்கிறதே என்று 60 ஜிபியையும் புதிதாக எடுத்து ரூட் பகுதியிலேயே கொட்டிவிட்டு ‘வெற்றி’ என்று எனக்கு மெயில் போட்டுவிட்டது. திங்கட்கிழமை அவர் டிஸ்க்கைத் திரும்பச் செருகினார், அடுத்த கரண்ட் கட்டுக்குப் பிறகு அது ஒழுங்காக அதே ஃபோல்டரின்மேல் மவுன்ட் ஆகி உட்கார்ந்தது. கொட்டிய 60 ஜிபி அதற்கு அடியில். பாயைத் தூக்காமல் வீட்டைப் பெருக்கின மாதிரி, டியூ மேலே இருப்பதை மட்டும்தான் பார்க்கும்.

கண்டுபிடிக்கும் வழி சுலபம், தெரிந்திருந்தால். ரூட் பகுதியை இன்னொரு காலி ஃபோல்டரில் ‘மவுன்ட் பைண்ட்’ செய்து அங்கே போய் டியூ போடவேண்டும். பைண்ட் அந்த ஒரு ஃபைல் சிஸ்டத்தை மட்டும்தான் காட்டும், மேலே ஏறி உட்கார்ந்திருப்பவை அங்கே தெரியாது, அடியில் கிடப்பது வெளியே வந்துவிடும். 60 ஜிபி அப்படியே கிடந்தது. அழித்தேன், டேட்டாபேஸ் எழுந்தது, சம்பளம் போனது.

அதிலிருந்து எந்தப் பேக்கப் ஸ்கிரிப்டாக இருந்தாலும் என் முதல் வரி ‘மவுன்ட்பாயின்ட்’ கட்டளை, மவுன்ட் ஆகியிருக்காவிட்டால் அங்கேயே நின்று கத்தவேண்டும். அதோடு, டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்குச் ‘சாட்டர் பிளஸ் ஐ’ போட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு ரூட் கணக்கு நினைத்தால்கூட அந்த வெறும் ஃபோல்டரில் எழுதமுடியாது. டிஸ்க் மவுன்ட் ஆனால் வழக்கம்போல எழுதலாம். ஒரு வரி வேலை. இதை எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்த அக்கவுண்டன்ட் முகத்தை நான் அப்படிப் பார்த்திருக்க வேண்டியிருக்காது.

‘வெற்றி’ மெயிலைப் பற்றிப் பேசும்போது புரோகிராம் எழுதுபவர்களின் கோடுகளைச் சேமித்துவைக்கும் கிட்லேப் கம்பெனியின் கதையைச் சொல்லாமல் இருக்கமுடியாது. 2017 ஜனவரி 31. ராத்திரி நெடுநேரம் வேலை பார்த்த ஒரு இன்ஜினியர், இரண்டாம் டேட்டாபேஸ் சர்வரில் அழிக்கிறோம் என்று நினைத்து முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில், சுதாரித்து நிறுத்தும்போது மிச்சம் 4.5 ஜிபி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அப்புறம்தான். தினசரி எடுக்கப்பட்டிருக்க வேண்டிய பேக்கப் காலியாக இருந்தது. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும், போலி மெயிலைத் தடுக்கும் டிமார்க் சோதனை காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. அதிர்ஷ்டவசமாக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் அந்த இன்ஜினியரே வேறு ஒரு காரியத்துக்காக எடுத்து வைத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டிஸ்க்கின் நகல்) ஒன்று இருந்தது, அதிலிருந்து மீட்டார்கள். மீட்பதை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள், எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த மனசு எத்தனை கம்பெனிக்கு வரும்? நான் அதைப் படித்தபோது சிரிக்கவில்லை, என் பேக்கப்களைப் போய்ப் பார்த்தேன். இரண்டு இடத்தில் அதே கதை.

அதனால் பேக்கப் எடுத்தாயா என்று நான் யாரையும் கேட்பதில்லை, கடைசியாக எப்போது ரிஸ்டோர் செய்து பார்த்தாய் என்றுதான் கேட்பேன். மாதத்தில் முதல் சனிக்கிழமை ஏதாவது ஒரு ஃபைலைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்துத் திரும்ப எடுத்துத் திறந்து பார்ப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழு டேட்டாபேஸை வேறொரு மெஷினில் ஏற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்வது. இந்த நேரம்தான் பலருக்குத் தெரியாது. 800 ஜிபி டேட்டா. ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி வந்தால் இரண்டு மணி நேரம். பழைய யுஎஸ்பி 2 டிஸ்க்கில் நொடிக்கு 30 எம்பி, ஏழரை மணி நேரம். க்ளவுடில்தான் இருக்கிறது, கவலை இல்லை என்பவருக்கு 20 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் மூன்றே முக்கால் நாள், அதுவும் இடையில் ஒரு தடவைகூட லைன் போகாமல் இருந்தால். முதலாளியிடம் இந்த எண்ணை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். விபத்து நடந்த அன்றைக்குச் சொன்னால் அது சாக்கு மாதிரித்தான் கேட்கும்.

பேக்கப்பை சர்வர் போய் எழுதுவதைவிட, பேக்கப் மெஷின் வந்து சர்வரிடமிருந்து இழுத்துக்கொள்வது நல்லது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் சர்வரைப் பிடித்தால், சர்வர் எங்கெல்லாம் எழுதமுடியுமோ அங்கெல்லாம் அதுவும் எழுதும். இழுக்கும் மெஷினுக்குள் போகச் சர்வருக்குச் சாவியே கொடுக்காதீர்கள்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் ஓடும்படி கட்டுவது ரெய்டு. ரெய்டு பேக்கப் இல்லை என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி அது தேய்ந்துவிட்டது, ஆனாலும் ரெய்டில் திரும்பி வரும் வழியை அடைப்பது டிஸ்க் இல்லை, பெரும்பாலும் நம் கைதான். ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால் ஓடும், இரண்டாவது போனால் எல்லாம் போச்சு. எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் 3-ஆம் எண் டிஸ்க் செத்துவிட்டது என்று வந்தவர், மூன்றாவது டிரேயை உருவினார். கன்ட்ரோலர் பூஜ்யத்திலிருந்து எண்ணும், அவர் ஒன்றிலிருந்து எண்ணினார். நல்ல டிஸ்க் வெளியே, செத்தது உள்ளே. அண்ணாச்சி கேட்டாரே, வாசலில் இருந்தா சன்னலில் இருந்தா என்று, அதே கேள்விதான், இவர் கேட்கவில்லை. சர்வர் வந்திறங்கும் அன்றே ஸ்மார்ட்சிடிஎல் போட்டு ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் எடுத்து, கடைசி நாலு எழுத்தை ஸ்டிக்கரில் எழுதி டிரேயின் முகத்தில் ஒட்டிவிடுவது ஒரு மணி நேர வேலை. ஸ்டிக்கர் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால், ஒழுங்காக இருக்கும் டிஸ்க்கை டிடி கட்டளையால் வெறுமனே வாசிக்கவிட்டு எந்த விளக்கு விடாமல் மினுங்குகிறது என்று பாருங்கள், ஒவ்வொன்றாகச் செய்தால் மினுங்காதது எது என்று தெரியும்.

இன்னொரு ஆபத்து, பல மாதம் யாரும் படிக்காத மூலையில் ஒரு செக்டர் கெட்டுக் கிடப்பது. புது டிஸ்க்கைப் போட்டு மறுகட்டுமானம் தொடங்கும்போதுதான் மற்ற டிஸ்க்குகளை முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பார்கள், அப்போதுதான் அது தெரியும், அப்போது தெரிந்து பிரயோசனம் இல்லை. அதற்காகத்தான் மாதாமாதம் முழு வாசிப்புச் சோதனை. டெபியன் லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்மின் நிறுவினால் மாதத்தின் முதல் ஞாயிறு தானாகவே ஓட ஏற்பாடு இருக்கிறது, இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ‘ஸ்க்ரப்’. பகலில் மெதுவாக இருக்கிறது என்று யாரோ புகார் சொன்னார்கள் என்பதற்காக அதை நிறுத்திவைத்த சர்வர்களை நான் பார்த்திருக்கிறேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் எல்லாவற்றையும் பார்க்கவேண்டாம், கெட்ட செக்டர்களை எண்ணும் 5, 197, 198 எண் வரிகள் மூன்றும் பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைக் குற்றம் சொல்லாதீர்கள், அது பெரும்பாலும் கேபிள்.

நெட்வொர்க்கில் என்னை அலைக்கழித்தது ஒரு விசித்திரமான புகார். “லாகின் ஆகுதுங்க, மெனு வருது, பில் லிஸ்ட்டைத் தொட்டா அப்படியே நின்னுடுது.” இரண்டு கிளைகளுக்கு நடுவே ஐபிசெக் டனல், அதாவது இணையம் வழியே பூட்டிய பாதை, ஒரு பக்கம் புதிதாகப் பிபிபிஓஈ என்ற பிராட்பேண்ட் இணைப்புக்கு மாறியிருந்தார்கள். பிங் போகிறது, ஒரு பாக்கெட்கூடத் தவறவில்லை. எஸ்எஸ்ஹெச் போகிறது. ஃபைல் பட்டியலுக்கு எல்எஸ் அடித்தால் சின்ன ஃபோல்டர் வருகிறது, பெரிய ஃபோல்டர் என்றால் தொங்குகிறது. இரண்டு நாள் அப்ளிகேஷன்காரரும் நானும் மாறி மாறிப் பழி போட்டுக்கொண்டோம்.

சின்னது போகிறது, பெரியது போகவில்லை என்றால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, சந்தேகப்படவேண்டும். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை. பிபிபிஓஈ எட்டு பைட்டைத் தின்று 1492 ஆக்கும், டனல் இன்னும் கொஞ்சம் தின்னும். பெரிய பாக்கெட் வந்தால் நடுவில் இருக்கும் ரௌட்டர், இது பெரிது, இவ்வளவுதான் அனுப்பலாம் என்று ஐசிஎம்பியில் (பிங்கும் இதே வழியில்தான் போகிறது) ஒரு செய்தி திருப்பி அனுப்பவேண்டும், அனுப்பியவர் குறைத்துக்கொள்வார். அந்தச் செய்தி வந்து சேராவிட்டால் அனுப்பியவர் அதே பெரிய பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருப்பார், அது ஒவ்வொரு தடவையும் சத்தமில்லாமல் செத்துப்போகும். சோதிக்கப் பிங்கே போதும்: துண்டாக்காதே என்பதற்கு மைனஸ் எம் டூ (-M do), அளவுக்கு மைனஸ் எஸ் 1472. தலைப்புகள் 28 பைட், கூட்டினால் 1500. போகாவிட்டால் குறைத்துக்கொண்டே வாருங்கள். எனக்கு 1372-இல் போனது, ஆக அந்தப் பாதையின் எம்டியூ 1400. ஃபயர்வாலில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் டேட்டாவின் அளவை, பாதையின் அளவுக்கு இறுக்கும் ஒரு விதி எழுதினேன், அந்த நொடியே பில் லிஸ்ட் வந்தது.

அந்த ஐசிஎம்பி செய்திகள் ஏன் வரவில்லை? யாரோ ஃபயர்வாலில், பிங் ஆபத்தானது என்று எண்ணி, ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தார்கள். விதிக்குப் பக்கத்தில் தேதியும் இனிஷியலும் இருந்தன. என்னுடைய இனிஷியல்.

லூப்பைப் பற்றிச் சுருக்கமாக. சுவரோரம் தொங்கும் ஒரு கேபிளைப் பார்த்தால், பெருக்க வருகிற அம்மாவுக்கு அதைச் செருகி வைக்கவேண்டும் என்று தோன்றும், நல்லெண்ணம்தான். ஒரே சுவிட்ச்சின் இரண்டு வாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால், எல்லோருக்கும் என்று போகும் பிராட்காஸ்ட் பாக்கெட் சுற்றிச் சுற்றி வந்து மொத்த ஆபீஸையும் படுக்கவைத்துவிடும். ரேடியா பெர்ல்மன் 1985-இல், லூப்பைக் கண்டுபிடித்து அடைக்கும் ஸ்பேனிங் ட்ரீயை உருவாக்கியது இந்தத் தொல்லைக்காகத்தான், ஆனால் மேசைக்கு அடியில் கிடக்கும் மலிவு விலை சுவிட்ச்சுகளில் அது பெரும்பாலும் இருக்காது. விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி மினுங்கினால் யோசிக்காமல் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

நேரமும் ஒரு திரும்பும் வழிதான், ஏதாவது நடந்த பிறகு என்ன நடந்தது என்று பின்னோக்கிப் போக அது ஒன்றுதான் உதவும். கேமரா ஒரு நேரம், சர்வர் லாக் ஒரு நேரம், ஃபயர்வால் ஒரு நேரம் காட்டினால் மூன்றையும் சேர்த்து வைத்து ஒன்றும் புரியாது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவில் என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோடு கடிகாரங்களை இசைத்துவைக்கச் சொல்கிறது, லாகுகளை 180 நாள் வைக்கவும் சொல்கிறது. அரசாங்கம் சொன்னதற்காக இல்லாவிட்டாலும் செய்யவேண்டிய வேலை. ஒரு கிளையன்ட்டிடம் பேக்கப் ராத்திரி இரண்டு மணிக்கு என்று, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். சர்வர் யுடிசியில், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில், இருந்தது. நம் கணக்கில் காலை ஏழரை, மில் ஷிஃப்ட் மாறி எல்லோரும் லாகின் செய்யும் அதே நேரம். காலையில் மட்டும் சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்று ஒரு மாதம் ராமைக் கூட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

தூத்துக்குடி குடோனுக்கு அந்த ராத்திரிக்குப் பிறகு அடுத்த மாதமே நேரில் போனேன். நாலு பெட்டிக்கும் பெரிய எழுத்தில் தமிழில் பெயர் எழுதி ஒட்டினேன், ஃபயர்வாலின் பெயர் ‘ரெண்டாவது பெட்டி’ என்றே, அண்ணாச்சிக்கு அதுதான் பழகியிருந்தது. சில வருஷம் கழித்து அந்த இடத்தில் ரெய்டோடு ஒரு நல்ல சர்வர் வந்தது, ஸ்டிக்கரும் அதற்கு மாறியது, டிரேக்களுக்கும் சீரியல் நம்பர் ஒட்டினேன். மானிட்டரிங் எல்லாம் போட்டு, ஏதாவது கெட்டால் எனக்கு மெயில் வரும்படி செய்தேன்.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். “தம்பி, நம்ம ரெண்டாவது பொட்டில ஒரு செவப்பு லைட்டு எரியுது. ராத்திரி பூரா கூவிக்கிட்டே கெடக்கு.”

மெயிலைப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு டிஸ்க் முந்தின நாளே செத்திருக்கிறது, எச்சரிக்கை மெயில்கள் அனுப்பமுடியாமல் அந்தச் சர்வரின் க்யூவிலேயே வரிசையாக நிற்கின்றன. அந்த மெயில் கணக்கின் பாஸ்வேர்டை இரண்டு மாதம் முன்னால் மாற்றியவன் நான், அங்கே மாற்ற மறந்தவனும் நான்.

புது டிஸ்க்கைப் பார்சலில் அனுப்பினேன். அடுத்த நாள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு அண்ணாச்சி சர்வர் முன்னால் குந்தினார். எந்த டிரே என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், சிவப்பு விளக்கு எரியும் டிரேயின் ஸ்டிக்கரில் இருந்த நாலு எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். என் திரையில் இருந்த அதே நாலு எழுத்து.

“இதானே தம்பி? உருவட்டா?”

“உருவுங்க அண்ணாச்சி.”